காலை எடுத்ததும் அடங்க வேண்டும்

அன்புள்ள சேகர்,

மகளுக்கு வரன் அமைந்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டு, கிடாருக்கு எதிரொலி சேர்க்க நீ கட்டிய டிலே பெடலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். தங்கச்சி கண்ணில் அந்தக் கடிதம் பட்டதா? பையனுக்குச் சேலத்தில் வேலை என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த முறை ஒழுங்காக எழுது. இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது.

வரவேற்புக்கு வெளியிலிருந்து குழு வேண்டாம், நானே கிடார் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டாயாமே, சபாஷ். அதற்குள் பெடலில் மிதிக்கும்போது மட்டும் வேலை செய்கிற மொமென்டரி சுவிட்ச் ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சேர். டிலே பெடலுக்கு என்னென்னவோ மாற்றம் செய்கிறார்கள்; வாசிப்பையே மாற்றுவது இது ஒன்றுதான் என்பேன். குமிழ் எத்தனை இருந்து என்ன, இரண்டு கையும் கிடாரில் இருக்கும்போது அதை யார் திருப்புவது?

நீ போட்டிருப்பது பிடி2399 ஐசி. கரோக்கி மிக்சர், எக்கோ மைக் போன்றவற்றுக்காகத் தைவானில் செய்தது. அதை வைத்து மூன்று விதமாக விளையாடலாம்.

முதலாவது, எதிரொலியைக் கட்டுக்கடங்காமல் பொங்க விடுவது. ரிப்பீட் குமிழை முழுக்கத் திருப்பினால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தியதைவிடப் பெரிதாகி ஊளையிடத் தொடங்குமே, அதைத்தான் காலால் செய்யப்போகிறோம். ரிப்பீட் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் மேல் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே சுவிட்சைப் போட்டால், மிதித்த நேரம் மட்டும் குமிழ் முழுக்கத் திறந்த மாதிரி ஆகிவிடும். காலை எடுத்தால் குமிழ் எங்கே இருந்ததோ அந்த அளவுக்குத் திரும்பி மெல்ல அடங்கும். ஆனால் சுவிட்சை நேராகப் போடாதே. அதனோடு தொடராக 50 கிலோ ஓம் பிரீசெட் (திருகி அளவை மாற்றும் சின்னத் தடை) ஒன்று வை. எதிரொலி எவ்வளவு வேகமாகப் பொங்க வேண்டும் என்பதை அதில்தான் முடிவு செய்வாய். மண்டபத்து ஸ்பீக்கர் முன்னால் அது சட்டென்று எகிறினால் முதல் வரிசையில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள், நினைவிருக்கட்டும். வேண்டுமானால் எதிரொலி திரும்பி வரும் பாதையிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிர் திசையில் போடு; 0.6 வோல்ட் அளவிலேயே உச்சி மழுங்கிவிடும்.

சால்டர் வைப்பதற்கு முன் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சுவிட்ச் சேரப்போகும் இரண்டு முனையையும் அளந்து பார். இரண்டிலும் ஒரே அளவு இருந்தால் மிதிக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வராது. வித்தியாசம் இருந்தால் நடுவே எங்கோ டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விடும் கப்ளிங் கெப்பாசிட்டர் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். சுவிட்சுக்கு ஷீல்டு வயரே போடு, ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் கிரவுண்டில் சேர்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. எதிரொலி வழக்கமாக ஊமையாக இருக்கும். மிதித்த கணத்தில் வாசித்த சுரம் மட்டும் உள்ளே போய்த் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஜமைக்காவில் டப் இசையின் முன்னோடியான ஒலிப்பதிவாளர் கிங் டப்பி இதைத்தான் மிக்சிங் மேசையில் கையால் செய்தார். பாட்டின் ஒரே ஒரு சொல்லை எக்கோவுக்குள் எறிந்துவிட்டு வாயிலை மூடிவிடுவார். அவரும் அடிப்படையில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்தவர், நம்ம ஜாதி! இதற்கு நார்மலி குளோஸ்டு, அதாவது மிதிக்காதபோது தொடர்பு சேர்ந்தே இருக்கும் சுவிட்ச் வேண்டும். டிலேக்குள் போகும் பாதையில் மட்டும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்து, நடுப்புள்ளியைச் சுவிட்ச் வழியாகக் கிரவுண்டுக்கு இழு. மிதித்தால் தொடர்பு அறுந்து ஒலி உள்ளே போகும். திரும்பி வரும் எதிரொலி இந்த இடத்தைத் தாண்டித்தான் சேர வேண்டும். இல்லாவிட்டால் காலை எடுத்ததும் வாலும் சேர்ந்து அறுந்துவிடும்.

மூன்றாவது வித்தை, சுருதியைத் தூக்குவது. ஐசியின் 6ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு இருக்கும் தடைதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது: 27.6 கிலோ ஓமுக்கு 342 மில்லி செகண்ட். அதற்கு இணையாக 22 கிலோ ஓமைச் சுவிட்ச் வழியாகப் போட்டால் நேரம் ஏறக்குறைய பாதியாகும்; உள்ளே ஏற்கெனவே பதிந்திருந்த எதிரொலி ஒரு ஸ்தாயி மேலே தாவும். கேட்க வேடிக்கைதான், கல்யாண வீட்டில் ஒரு தடவைக்கு மேல் சிரிக்க மாட்டார்கள். மொத்தத் தடை 2 கிலோ ஓமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள், பவர் போடும்போது ஐசி மயங்கி நின்றுவிடும்.

சுவிட்ச் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால், மீட்டரை பீப்பில் வைத்துக் கடையிலேயே சோதித்து வாங்கு. ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்கிற வகையும் பார்க்க அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். கெட்டி ஸ்பிரிங் வேண்டாம், நாமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறுகிற ஆட்கள். வெறுங்காலில் அந்த உலோகக் கொண்டையை மிதித்துக்கொண்டே நின்று பார், அப்போது தெரியும்.

துளை 12 மில்லிமீட்டர். முதலில் 3 மில்லிமீட்டர் போட்டு, பிறகு படிப்படியாக அகலப்படுத்து. உன் பெட்டி சின்னது என்றால் பெடலை ஒதுக்கிவிட்டு கிடாரை நேராக அனுப்பும் பைபாஸ் சுவிட்சுக்குப் பக்கத்தில் இன்னொன்றை நெருக்காதே, ஒரு பாதம் இரண்டையும் மிதிக்கும். பக்கவாட்டில் ஜாக் வைத்து, சுவிட்சைத் தனி டப்பாவில் போடுவதே மேல். இரண்டாவது முறைக்கு ஒரு முனை கிரவுண்ட் என்பதால் மோனோ ஜாக் போதும். கேபிளைக் கழற்றிவிட்டால் பெடல் வழக்கம்போலவே ஓடும். முதலாவதற்கு இரண்டு முனையும் உயிருள்ளவை, ஸ்டீரியோ ஜாக் வேண்டும்.

ஒன்றுதான் போட முடியும் என்றால் இரண்டாவதைப் போடு. பழைய மெலடிகளில் வரி முடியும் கடைசிச் சுரத்தை மட்டும் எறிந்து பார், தங்கச்சியே சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

கீபோர்டு வாசிக்கப் பழைய ஆள் யாராவது கிடைத்தார்களா? தபேலாவுக்கு நான் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன், தேதி தெரியாமல் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார். முகூர்த்த நாளையும் பெட்டியின் நீள அகலத்தையும் சேர்த்தே எழுது.

அன்புடன்,
பாலு