ஒரே ஒரு கடிதம் கேட்கிறோம்

மதிப்பிற்குரிய ஒலிபரப்பு நிலைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். எங்கள் ஊர் நகைச்சுவை நடிகரின் விண்ணப்பம் உங்களுக்குப் புதிதல்ல. போன வாரமும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். "இவர் இங்கே நடித்ததற்குப் பதிவு இல்லை" என்று ஒரே வரி. மருத்துவ உதவிக்கு மனுப் போட வேண்டும். இவர் உங்களிடம் நடித்தவர்தான் என்று ஒரு கடிதம் கொடுங்கள், அவ்வளவுதான்.

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை பால் வெட்டிவிட்டு, பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போய், ஒலிப்பதிவு முடித்து, மறுநாள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்ற மனிதர். ஒரே நாடகத்தில் கங்காணியும் அவரே, கங்காணியைத் திட்டும் கிழவியும் அவரே. கிழவி பேசும்போது மட்டும் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாராம். வானொலியில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தோட்டத்து லயத்து வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள்மேல் எச்சில் தெறிக்கிற மாதிரியே இருக்கும். தொலைக்காட்சியில் ஒட்டுக்கடைக்காரர், குடிகாரர், தபால்காரர், இவ்வளவுதான் கிடைத்தது. 1978இல் வண்ணம் வந்த பிறகும் அவருக்கு அதே இரண்டு வரி வசனம்.

பால் வெட்டிய காலத்துக்கு ஈபிஎஃப் என்ற சேமநிதி இருந்தது, தோட்டத்திலேயே கட்டினார்கள். நாடகத்துக்கு நாடகம் கூலி வாங்கிய உங்கள் இடத்தில் ஒரு காசு சேரவில்லை. சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சட்டம் வந்தது 2017இல். அதற்குள் அவருக்கு வாய்ப்புகள் நின்றே போயின.

கடைசியாக நான்தான் அவரை உங்கள் கவுண்டருக்கு அழைத்து வந்தேன். டயாலிசிஸ் முடிந்த மறுநாள். "அங்கிள், ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் இளம் அதிகாரி. அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிழவியின் குரலில் இரண்டு வசனம் பேசினார். வரிசையில் நின்ற ஓர் அம்மா, "ஐயோ, இவரா!" என்று கத்தியே விட்டார். அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்து, ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டார்.

பழைய நாடாக்கள் கைவசம் இல்லை என்கிறீர்களே, அவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது அண்ணனா? தீபாவளிக்குத் தீபாவளி சென்னையிலிருந்து நகைச்சுவை நடிகர்களை வரவழைத்து, மாலை போட்டு, ஓட்டலில் தங்கவைக்கும்போது மட்டும் கோப்புகள் ஒழுங்காக இருக்கின்றன. உள்ளூர்க்காரன் சிரிக்கவைத்தால் அது கணக்கில் வராது போல. சரி, அதை இன்னொரு மடலில் பேசிக்கொள்ளலாம்.

இப்போதைக்குத் தயவுசெய்து அந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அவரோடு நடித்து ஓய்வுபெற்ற உங்கள் அறிவிப்பாளர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. இந்த மாத இறுதிக்குள் கடிதம் கிடைத்தால் மனுவைச் சேர்த்துவிடலாம்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் பழைய நேயர்களில் ஒருவன்,
சுங்கை சிப்புட்