திங்கட்கிழமை கையெழுத்துக்கு முன்

அன்பு மகள் யாழினிக்கு,

படத்துக்குப் பாட்டெழுத நீ கையெழுத்துப் போடப்போகும் அக்ரிமென்ட் நகலை முழுக்கப் படித்துவிட்டேன். அட்வான்ஸ் போதுமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாய். அது உன் விருப்பம், நீயே பேசிக்கொள். என் கவலை நாலாவது பத்தியைப் பற்றி.

"பாடல் வரிகளின் சகல உரிமைகளையும் உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக, இன்றுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களுக்கும் எழுதிக் கொடுக்கிறேன்; ராயல்டி உட்பட எந்தத் தொகையும் பின்னர் கோரமாட்டேன்." புதிதாகப் பாட்டெழுத வருகிறவர்களிடம் வழக்கமாக நீட்டப்படும் வாசகம்தான் இது. ஆனால் ராயல்டி கேட்கமாட்டேன் என்ற பகுதி சட்டப்படி செல்லாது. காசு கொடுத்து எழுதி வாங்கிய பாட்டுக்குத் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த நிலை மாற 2012 வரை ஆனது. அந்த ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகளில் செய்த திருத்தத்தின்படி, பாட்டு திரையரங்கில் படத்தோடு ஓடுவதற்கு உனக்குத் தனி ராயல்டி கிடையாது. டிவி, எஃப்.எம்., ஓடிடி, யூடியூப், மேடைக் கச்சேரி என்று வேறு எந்த வழியில் பயன்பட்டாலும் வரும் ராயல்டியில், உரிமையை எழுதி வாங்கியவரோடு சம பங்கு உனக்கு உண்டு. அதை நீயே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ, வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே எழுதிக் கொடுக்கலாம்.

செல்லாத வாசகம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடாதே. செல்லாது என்று நிரூபிக்க நீதான் கோர்ட் படியேற வேண்டிவரும். அந்த வரியை நீக்கச் சொல். அந்த இடத்தில், "பிரிவு 18, 19இன்படி எழுதியவருக்குரிய ராயல்டி பங்கை இந்த ஒப்பந்தம் எவ்வகையிலும் பாதிக்காது" என்று எழுதச் சொல். கம்பெனிக்கு வக்கீல் இருந்தால் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணமே இருக்காது.

எத்தனை வருஷம் என்று எழுதாமல் விட்டால் உரிமை 5 வருஷத்துக்கு மட்டுமே போகும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. அதனால்தான் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களை மறக்காமல் போட்டிருக்கிறார்கள். படப் பாட்டுக்கு அவற்றை எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் மல்லுக்கட்டாதே. வேறு மூன்றை மட்டும் பிடிவாதமாகக் கேள்.

பேசிய தொகை முழுவதும் கைக்கு வந்த பிறகே உரிமை மாறும் என்று இருக்கட்டும். இப்போதுள்ளபடி கையெழுத்துப் போட்ட அன்றே மாறிவிடுகிறது. பாக்கிக்கு நீ அலைய வேண்டியதுதான். அடுத்தது, ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை உன்னிடம் திரும்பிவிடும் என்று சட்டம் தருகிற பாதுகாப்பை ஒன்பதாவது பத்தியில் "பொருந்தாது" என்று தள்ளியிருக்கிறார்கள். படம் பெட்டிக்குள் முடங்கினால் பாட்டும் சேர்ந்து முடங்கும். அதை நீக்கச் சொல். மூன்றாவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. ஒரு மெட்டுக்கு ஐந்தாறு பல்லவி எழுதுவாய், ஒன்றைத்தான் எடுப்பார்கள். 'இப்பணிக்காக எழுதிய அனைத்தும்' என்று அக்ரிமென்டில் இருப்பதால் ஒதுக்கிய பல்லவிகளும் அவர்களுக்கே போய்விடும். 'இறுதியாகப் பதிவான வரிகள் மட்டும்' என்று மாற்று.

மெட்டுக்கு மாதிரியாகப் பாடிக் காட்டும் டம்மி ட்ராக்கை நீயே பாடி அனுப்பியிருக்கிறாய் அல்லவா? பாடியவருக்கு அந்தக் குரலில் தனி உரிமை உண்டு. அதை வெளியிடவோ, அதை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்கவோ எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேர்.

பாட்டெழுதுவோருக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராவதைத் தள்ளிப்போடாதே. 2017 முதல் சட்டப்படி பதிவான சங்கம் அது. உறுப்பினரானதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பாட்டையும் படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், யாருக்கு எத்தனை சதவீதம் என்ற விவரங்களோடு நீதான் பதிய வேண்டும். உன் பெயரை ஓரிடத்தில் 'யாழினி' என்றும் இன்னோரிடத்தில் இனிஷியலோடும் போட்டால் பணம் யாருடையது என்று தெரியாமல் தேங்கிவிடும். டைட்டில் கார்டு, ஆடியோ கம்பெனி பாட்டோடு சேர்க்கும் விவரக் குறிப்பு (மெட்டாடேட்டா), சங்கப் பதிவு மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

காப்பிரைட் பதிவு கட்டாயமில்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் தகராறு வந்தால் பதிவுச் சான்றிதழ் முதல்நிலைச் சாட்சியாக நிற்கும். வரிகளுக்குக் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். பாட்டுக்குப் பாட்டு பதியாவிட்டாலும், எழுதிய அன்றே வரிகளை பிடிஎஃப் ஆக்கி இசையமைப்பாளருக்கு ஈமெயில் அனுப்பிவிடு. வாட்ஸ்அப்பில் தானாக அழியும் வசதியை நிறுத்தி வை. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதே. கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்கு, 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். அசல் செய்தி இருக்கும் போனை விற்றுவிட்டால் அது சிக்கலாகும். தனக்குத் தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிக்கொள்வதில் பெரிய பலன் இல்லை.

இனி உங்கள் இசைக்குழுவின் பெயர். பெயருக்கும் தலைப்புக்கும் காப்பிரைட் கிடையாது. படத் தலைப்பு வழக்கொன்றில் 2015இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. பெயரைக் காக்க டிரேட்மார்க்தான் வழி. எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்கு என்று வகுப்பு வாரியாக விண்ணப்பிக்க வேண்டும்: கச்சேரிக்கு 41ஆம் வகுப்பு, டவுன்லோடு செய்யும் பாடல்களுக்கு 9, டி-ஷர்ட் விற்பதானால் 25. ஆன்லைனில் தனிநபருக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய். முதலில் டிரேட்மார்க் தளத்தில் அதே பெயரும், அதே ஓசையுள்ள பெயரும் இருக்கிறதா என்று தேடு. ஆட்சேபம் எழுப்பி டிரேட்மார்க் அலுவலகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். டிரேட்மார்க் ஜர்னலில் விளம்பரமான பின் மற்றவர்கள் எதிர்க்க 4 மாதம் உண்டு. பதிவானால் 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும் வரை, பதிவான பெயர் என்று காட்டும் ஆர் வட்டக்குறி (®) போடாதே, அது குற்றம். டிஎம் என்று போடலாம்.

இதைவிட முக்கியம், பெயர் யாருடையது என்பது. நீங்கள் நாலு பேர். ஒருவர் பெயரில் விண்ணப்பித்தால், பிரிகிற அன்று பெயர் அவரோடு போய்விடும். யாராவது விலகினால் பெயர் யாரிடம் இருக்கும் என்று நாலு பேரும் இப்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்.

படத்துக்கு இல்லாமல் நீ தனியாக வெளியிடும் பாட்டுக்குப் பீட் (தயார்நிலைப் பின்னணி இசை) வாங்கிய உரிமத்தையும் எடுத்துப் பார். பலருக்கும் விற்கிற வகையானால், பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோகஸ்தர் மூலம், ஒரே இசையுள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடிக்குக் கொடுக்காதே. அதே பீட் வாங்கிய மற்றவர்களின் வீடியோவுக்கெல்லாம் உன் பெயரில் உரிமைகோரல் போகும்.

நாலாம், ஒன்பதாம் பத்திகளைத் திருத்தி ஞாயிறு மாலைக்குள் எனக்கு அனுப்பு. 'இன்றே போடுங்கள்' என்று யாராவது அவசரப்படுத்தினால், வக்கீலிடம் காட்ட இரண்டு நாள் வேண்டும் என்று மட்டும் சொல், வேறு விளக்கம் தேவையில்லை.

அன்புடன்,
அம்மா