குடியம் குகைக்கு வழி கேட்டு ஒரு திறந்த மடல்

பூண்டி, குடியம், அத்திரம்பாக்கம் பகுதியின் காட்டுக்கும் தொல்லிடங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆதிமனிதர்களின் கற்கருவிகள் கிடைத்த இந்த இடங்களின் அருமையை உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனவே நேரே விஷயத்துக்கு வருகிறோம். போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் குழுவைக் குடியம் காப்புக்காட்டின் முகப்பிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் ஓர் அலுவலகத்தின் கடிதத்தோடுதான் வந்திருந்தார்கள். அது போதாது, இன்னொரு அலுவலகத்தின் கடிதமும் வேண்டும் என்றார்கள். சரி, சட்டம் சட்டம்தான். ஆனால் அதே நாள் அதே காட்டுக்குள், யாரிடமும் எதுவும் கேட்காத சிலர் பாட்டில்களோடு பைக்கில் வேறு தடத்தில் போய் வந்தார்கள். கேட்டவனுக்குக் கதவு அடைப்பு, கேட்காதவனுக்குத் திறந்த காடு!

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். குகைக்குப் போக யாரிடம், எங்கே, எத்தனை நாளுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதை எழுதி ஒட்டுங்கள்.

அனுமதியே கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தால் அதையாவது எழுதிப் போடுங்கள். ஏனென்றால் வழிகாட்டி இல்லாமல் போகிற பாதை அல்ல அது. அல்லிக்குழி மலைப் பாறை, உருண்டைக் கற்கள் மண்ணோடு இறுகிப்போன திரள்பாறை. மழையில் அது கரையக் கரைய, முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை குவார்ட்சைட் என்ற கடினமான கற்கள் கழன்று வந்து பாதையெல்லாம் கிடக்கின்றன. ஆதிமனிதர்கள் கைக்கோடரி செய்ய எடுத்த கல்லும் இதுதான், இன்று வருகிறவர்களின் கணுக்காலைப் பிசக வைப்பதும் இதுதான். செருப்போடு வருகிறவர் கால் ஊன்றியதும் கல் உருளும். ஊரிலிருந்து போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, தலைக்கு இரண்டு லிட்டர் சுமந்தாக வேண்டும். ஆட்டுத் தடமும் ஓடைத் தடமும் ஆங்காங்கே பிரிகிற இடத்தில், யாரோ பாறையில் பெயின்ட்டில் கிறுக்கிய அம்புக்குறிதான் துணை.

போய்ச் சேர்ந்தால் மேலே மலைத்தேனீ அடைகள். விசில், கூச்சல், சிகரெட் அல்லது கற்பூரப் புகை, இதில் ஏதாவது ஒன்று போதும், கூட்டமாகக் கலைந்து வரும். கொட்டிய தேனீ விடும் வாசனை மற்ற தேனீக்களையும் அதே ஆளிடம் இழுக்கும். கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடச் சொல்வார்கள். உருளுகிற கல்லில் எப்படி ஓடுவது? பத்து பேரை அங்கிருந்து பத்திரமாகக் கீழே இறக்கத் தெரிந்தவர்கள் குடியம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, அவர்கள் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லுங்கள். அனுமதி முறையை எழுதும்போதே இதையும் சேர்த்துவிடலாம்.

இன்னொன்று. 1960களில் குடியத்தில் அகழ்ந்தபோது குகைக்குள் கிடைத்த கருவிகள் குறைவு. மனிதர்கள் அங்கே நெடுங்காலம் தங்கியிருக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள். மண்ணடுக்கு அடுக்காகக் கருவிகள் கிடைத்த இடம் அத்திரம்பாக்கம், கொசஸ்தலையாற்றுப் பக்கத்துத் திறந்தவெளி. 1863இல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டது. அங்கே அடியடுக்கின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். வருகிறவர்களோ குகையில் செல்ஃபி எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் அத்திரம்பாக்கத்தில் ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். கிடந்த இடத்தைவிட்டு எடுத்ததும் அந்தக் கருவியிலிருந்து படிக்க வேண்டியதில் பெரும்பகுதி தொலைந்துபோகிறது. இதைச் சொல்ல அங்கே ஒரு பலகை வேண்டாமா? ஊர் எல்லையில் வரவேற்பு வளைவுக்குப் பணம் இருக்கிறது, முதலமைச்சர் படத்தோடு பேனருக்கும் இருக்கிறது. கல்லின் வயதைக் கணிக்க வழி கண்டுவிட்டார்கள். நம்முடைய மனுவுக்கு எப்போது பதில் வரும் என்று கணிக்கத்தான் இன்னும் எந்த ஆய்வகமும் இல்லை.

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் மீறிவிட்டது. உங்களிடம் ஆட்கள் குறைவு என்பதும், காட்டுத் தீயையும் வேட்டையையும் பார்ப்பதற்கே நேரம் போதாது என்பதும் தெரியும். அதனால்தான் செலவில்லாத ஒன்றைக் கேட்கிறோம். அனுமதி முறையை ஒரே தாளில், தமிழில் எழுதுங்கள். அதைப் பூண்டி அகழ்வைப்பகத்தின் (தொல்பொருள் அருங்காட்சியகத்தின்) வாசலிலும், சீத்தஞ்சேரி சாலையில் குடியத்துக்குத் திரும்புகிற இடத்திலும் ஒட்டுங்கள். காட்டுக்கும் தொல்லிடங்களுக்கும் பொறுப்பான இரண்டு துறைகளும் ஒரே படிவத்தை ஏற்றுக்கொள்ளட்டும்.

வெயில் தாழ்ந்து கூட்டம் வரத் தொடங்குவது மார்கழியில். அதற்குள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியம் பாதையில் ஆட்களை அழைத்துச் செல்பவர்கள்