மகியோன் ரிம் காட்டுச் சாலையில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். அரிசோனாவின் மகியோன் ரிம் மேட்டில், கோகோனினோ தேசிய வனத்துக்குள் டிரெய்லரோடு தங்கச் சென்ற எங்கள் குடும்பத்துக்குக் கடந்த ஆகஸ்டு மாதம் கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் இந்த மடலை எழுதுகிறோம். உங்களில் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர்கள். முகவரி தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதி அனுப்பிவிட்டோம். ஆயினும், பீனிக்ஸ் வட்டாரத்தில் வெயில் 110 பாகை ஃபாரன்ஹீட்டைத் தொடும் மாதங்களில் எங்களைப் போலவே மலையேறிக் காட்டில் தங்க விரும்பும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. கட்டணமில்லாத அந்தத் தங்கல் யார் யாருடைய உழைப்பாலும் பொறுமையாலும் நமக்குக் கிடைக்கிறது என்பதை நம் மொழியிலும் சொல்லியாக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதல் நன்றி, வன அலுவலகத்தில் எங்களுக்கு வரைபடம் கொடுத்த அம்மையாருக்கு உரியது. தேசிய வனத்தின் பெரும்பகுதியில், முகாம் திடலுக்கு வெளியேயும், 14 நாள் வரை பணம் கட்டாமல் தங்கலாம் என்பதும், அங்கே குடிநீரோ கழிப்பறையோ குப்பைத் தொட்டியோ இராது என்பதும் நாங்கள் அறிந்தவைதாம். ஆனால் எந்தச் சாலையில் டிரெய்லரோடு நுழையலாம் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது எளிதாக இல்லை. 2005ஆம் ஆண்டு விதியின்படி ஒவ்வொரு தேசிய வனமும் இலவசமாக வெளியிடும் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை அவர் மேசையில் விரித்து, வண்டியை ஓரம் ஒதுக்கித் தங்க அனுமதியுள்ள சாலைகளின் இருபுறமும் புள்ளிகள் இடப்பட்டிருப்பதைக் காட்டினார். தரையில் தடம் தெரிந்தாலும் அந்த வரைபடத்தில் இல்லாத சாலையில் வண்டி இறங்கக் கூடாது என்றார். பிறகு, எந்தக் கையேட்டிலும் எங்கள் கண்ணில் படாத ஒன்றைச் சொன்னார்: சாலைமுனையில் நடப்பட்ட பலகையில் எண்கள் படுக்கைவாட்டில் இருந்தால் சாதாரணக் காரும் போகலாம்; ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால், அடிப்பகுதி உயரமான வண்டிகளுக்கு மட்டுமே உரிய கரடுமுரடான சாலை அது. அன்று முதல் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு முனையிலும் பலகையைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வரிசையில் பலர் காத்திருந்த நேரத்திலும் அவசரப்படாமல் விளக்கிய அந்த அம்மையார், கிளைச் சாலையின் வாயிலிலேயே டிரெய்லரை நிறுத்திவிட்டு, வண்டியைத் திருப்பும் அளவுக்கு அகலமான இடம் கண்ணில் படும்வரை நடந்து பார்த்த பிறகே உள்ளே போகச் சொன்னார். எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே இதுதான் மிகப் பெரியது.

பீனிக்ஸ் அருகே சாண்ட்லரில் வசிக்கும் எங்கள் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அடுத்த நன்றி. உடன்பிறந்த உறவில்லை என்றாலும் அப்படித்தான் அழைக்கிறோம். டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவதை, ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில், அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்தால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் திரும்பும். அண்ணி என் மனைவியைத் தனியே நிறுத்தி, ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று சைகை காட்டும் முறையைப் பழக்கினார். அவர்களுடைய மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் இடும் பலகைகள், காற்றடிக்கும் சிறு பம்பு எல்லாம் எங்களோடு காட்டுக்கு வந்து திரும்பின.

ரிம்மின் விளிம்பை ஒட்டி ஓடும் 300ஆம் எண் வனச் சாலை, 1870களில் அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் குரூக்கின் படையினர் அமைத்த தடத்தைப் பெரும்பாலும் தழுவிச் செல்கிறது. தெற்கே தரை செங்குத்தாகச் சரிந்து பேசன் ஊர்ப் பக்கம் இறங்க, வடக்கே பாண்டரோசா பைன் மரங்கள் முடிவில்லாமல் நிற்கின்றன. அதிலிருந்து வடக்கே பிரியும் ஒற்றைத்தடக் கிளைச் சாலை ஒன்றில் எதிரே பிக்கப் வண்டியில் வந்த பெண்மணியே, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளக்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை. எங்கள் டிரெய்லரைக் கண்டதும், நாங்கள் கேட்பதற்கு முன்பே, ஏற்றத்தில் நெடுந்தூரம் பின்னோக்கிச் சென்று வழிவிட்டீர்கள். நாங்கள் கடக்கும்போது கண்ணாடியை இறக்கி, மேலே இரண்டாவது வளைவில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது, வலப்பக்கம் ஒதுங்கிப் போங்கள் என்றும் எச்சரித்தீர்கள். அந்தப் பாறை டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும் உயரத்தில்தான் இருந்தது.

தங்கல் முடிந்து திரும்பும் வழியில்தான் டிரெய்லரின் ஷேக்கிள் போல்ட் (பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புத் துண்டான ஷேக்கிளைப் பிடித்திருக்கும் போல்ட்) முறிந்தது. வண்டிகள் வேகமாகப் போய்ப் போய், சரளைச் சாலை தகரக் கூரையைப் போல வரிவரியாக நெளிந்து கிடக்கும். டிரெய்லரின் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் புஷ் எனப்படும் சிறிய நைலான் குழல்களில் அமர்ந்திருக்கின்றன. இடைவிடாத அதிர்வில் முதலில் புஷ் தேய்கிறது, பிறகு இரும்போடு இரும்பு உரசி போல்ட்டே அறுந்துபோகிறது. பின்பிடிப்பை இழந்த அச்சு கோணலாகத் திரும்பி, டயர் மட்கார்டை உரசிக் கரும்புகை நாற்றம் எழுந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. மேற்கே மழைமேகம் திரண்டுகொண்டிருந்தது.

அப்போது பக்கத்து மரத்தோப்பில் தங்கியிருந்த முதிய தம்பதியர் எங்களை நோக்கி நடந்து வந்தீர்கள். பெரியவரே, நீங்கள் முதலில் தொட்டது ஜாக்கி அல்ல. டிரெய்லரின் எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளைச் செருகி, இழுவை வண்டியின் கைப்பிரேக்கைச் சோதித்து, பிள்ளைகளைத் தொலைவில் நிற்கச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கினீர்கள். மண் இளகியிருந்ததால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகையை இட்டு, அச்சில் வைக்காமல் சட்டத்தில் முட்டுக்கொடுத்துத் தூக்கினீர்கள். இழுபட்டையால் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஸ்பிரிங்கின் துளையும் ஷேக்கிளின் துளையும் நேராக வந்து, மறுபக்கத்து வெளிச்சம் துளை வழியே தெரியும்வரை நீங்கள் மண்ணில் படுத்திருந்ததை நாங்கள் மறக்க மாட்டோம். உங்கள் பெட்டியிலிருந்த போல்ட் மெலிந்ததாக இருந்தது. சரியான தடிமனுக்கு, முறிந்த துண்டை எடுத்துக்கொண்டு பேசன் வரை போய்வர முன்வந்தவர் உங்களுக்கு அடுத்த முகாமில் தங்கியிருந்த இளைஞர். முன்பின் தெரியாத எங்களுக்காக அவர் தம் விடுமுறையில் பாதி நாளைச் சாலையில் கழித்தார். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அம்மா, அந்த நேரத்தில் நீங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்து உட்காரவைத்துச் சொன்ன செய்தியை எல்லோரும் அறிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறோம். வண்டி நின்றுபோனாலும், வழி தவறினாலும், கவனத்தை ஈர்ப்பதற்கென்று காட்டில் ஒருபோதும் தீ மூட்டக் கூடாது என்றீர்கள். 2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதே ரிம் பகுதியின் கிழக்கே எரிந்த ரோடியோ-செடிஸ்கி பெருந்தீ 4,60,000 ஏக்கருக்கும் மேல் அழித்தது. ஒன்றாகக் கலந்த இரண்டு தீக்களில் ஒன்று, காட்டில் வழி தெரியாமல் அகப்பட்ட ஒருவர் ஹெலிகாப்டரின் கண்ணில் படுவதற்காக மூட்டியது. அன்று மாலை உங்கள் சொந்த அடுப்புத் தீயை அணைத்தபோது, தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, இறுதியில் வெறுங்கையால் சாம்பலைத் தொட்டுச் சூடு இல்லை என்று உறுதி செய்தீர்கள். எங்கள் மகள் இப்போது வீட்டுக் கொல்லையிலும் அப்படியே செய்கிறாள்.

மழை கொட்டியது. ஈரக் களிமண்ணில் வண்டியை இறக்கினால் நாமும் சிக்குவோம், சாலையும் ஆண்டு முழுதும் பாழாகும் என்று சொல்லி, மறுநாள் வெயில் ஏறித் தடம் காயும்வரை எங்களைத் தங்கவைத்தீர்கள். மழைக்குப் பிறகு ஆழமாக உழுதுவிடப்பட்ட தடங்களைப் பிற கிளைச் சாலைகளில் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லின் பயன் முழுவதும் விளங்கியது.

பேசனில் உள்ள உதிரிபாகக் கடைக்காரருக்கும் நன்றி. ஒரு போல்ட்டை விற்றுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அதற்கு மாறாக, ஊர் திரும்பியதும் எல்லாப் புஷ்களையும் வெண்கலத்துக்கு மாற்றி, கிரீஸ் ஏற்றுவதற்கான முனை (கிரீஸ் நிப்பிள்) உள்ள போல்ட்டுகளைப் பூட்டிக்கொள்ளுமாறு கையால் எழுதிய சீட்டை அந்த இளைஞரிடம் கொடுத்தனுப்பினார். அப்படியே செய்துவிட்டோம்.

நாங்கள் கண்ணால் காணாதவர்களும் இருக்கிறார்கள். சாலையைக் கிரேடர் கொண்டு சமன்செய்தவர்கள், விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்கியவர்கள், பிறர் விட்டுச் சென்ற குப்பையை மூட்டை கட்டி இறக்கிய தன்னார்வலர்கள். அவர்களில் ஓர் அம்மையாரை மட்டும் நேரில் பார்த்தோம். சரக்கு அடுக்கும் ஆணியடித்த பலகைச் சட்டங்களை விறகாக எரிப்பவர்கள் ஆணிகளைச் சாம்பலிலேயே விட்டுப் போகிறார்கள். அடுத்து வருபவரின் டயரில் அவை ஏறுகின்றன. அந்த அம்மையார் கயிற்றில் கட்டிய காந்தப் பட்டையைப் பழைய அடுப்புக் குழிகளின் மேல் மெல்ல இழுத்துச் சென்றார். தூக்கிப் பார்த்தபோது, துருவேறிய ஆணிகள் தாடி முளைத்தாற்போல் அதில் ஒட்டியிருந்தன. அவற்றைத் தகர டப்பாவில் தட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போனார். எங்கள் பிள்ளைகள் மதியம் வரை அவரோடு நடந்தார்கள்.

இந்த மடலைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களிடம் இப்போது கூடுதல் ஷேக்கிள் போல்ட்டுகளும், இழுபட்டையும், காந்தப் பட்டை ஒன்றும் இருக்கின்றன. ரிம் பக்கம் போகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால் கொடுத்தனுப்புவோம். டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டப் பழக விரும்புவோர் எங்களோடு ஒரு காலைப் பொழுது வந்தால் போதும், அண்ணன் சொல்லித் தந்தபடியே சொல்லித் தருகிறோம்.

என்றும் நன்றியுடன்,
பீனிக்ஸில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர்