வடகரைக் கடலில் பிள்ளைகளை இறக்குவோம்

உச்சிப்புளி

அன்பு மகன் செந்திலுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நானும் அப்பாவும் நலம். நீயும் மலரும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அலைபேசியில் அனுப்பியிருந்த விடுதியின் விலைப்பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். பட்டம் பிடித்து அலைமேல் சறுக்கவும், நின்றபடி துடுப்புப் போடவும், முகமூடி அணிந்து கடலடியைப் பார்க்கவும் ஐந்து நாளில் கற்றுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கேட்கும் தொகை யாழினியின் ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கிறது. உன் இரண்டு பிள்ளைகளுக்கும் இன்னும் நீச்சலே தெரியாது என்பதை அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் கேட்கவில்லை. நீயும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டாய். ஆகவே அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். அலைபேசியில் சொன்னால் நீ பாதியிலேயே 'சரிம்மா, பார்க்கலாம்' என்று வைத்துவிடுவாய் என்பதால் காரணங்களை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தொகையில் பெரும்பகுதி குளிர்சாதன அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. தங்குவதற்கு வீடு இருக்கிறது. சமைப்பதற்கு நான் இருக்கிறேன். வெயிலுக்கும் மணலுக்கும் கடலுக்கும் விடுதிக்காரர்களிடம் பணம் கட்ட வேண்டியதில்லை. நாம் உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டியவை நல்ல பயிற்றுநர் ஒருவருடைய காலை நேரமும், உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் உயிர்காப்பு உடுப்புகளும் மட்டுமே. இந்த இரண்டிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகக் குறைக்கலாம்.

நீ பள்ளிப் படிப்பை முடித்ததும் ஊரை விட்டுப் போனவன் என்பதால், எந்தக் கரை எந்த மாதத்துக்கு ஏற்றது என்பது உனக்கு மறந்திருக்கும். நமக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்று உன் தாத்தா சொல்வாரே, அந்த இரண்டும்தான். ஐப்பசி தொடங்கித் தை வரையில் வாடைக்காற்று வடகடலைக் கலக்கும். அப்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரை முடிவில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து எழுந்ததும் நிலைமை அப்படியே மாறிவிடும். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும் அதே நாளில் அரியமானிலும் பிரப்பன்வலசையிலும் கடல் குளம்போலக் கிடக்கும். நீங்கள் வருவது மே மாதம் என்பதால் வடகரையை விட்டு வேறு எங்கும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். நீ அனுப்பிய பட்டியலில் உள்ள விடுதி தென்கரையில் இருக்கிறது என்பதைக் கவனித்தாயா?

வடகரை அமைதியாக இருக்கிறது என்பதற்காக அதை முழுதாக நம்பிவிடவும் முடியாது. கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதனால்தான் கரையோரத்தில் அலை எழுவதில்லை. அதே காற்றுதான் மிதக்கிற எதையும் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். அரியமான் கரையில் சவுக்குத் தோப்பின் மறைவில் நிற்பவருக்குக் காற்று இருப்பதே தெரியாது. கையிலிருந்து ஒரு பந்து நழுவினால் முதலில் சிறிது தூரம் அது சோம்பலாக நகரும். தோப்பின் மறைவைத் தாண்டியதும் விறுவிறுவென்று ஓடத் தொடங்கும். நன்றாக நீந்துகிறவர்கூட அதைப் பிடிக்க முடியாது. காற்றடைத்த வாத்து, வளையம், மெத்தை என்று கடைகளில் தொங்குகிறவற்றைக் கவின் கேட்டு அழுதாலும் வாங்கிவராதே. பந்து போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும் என்பதை இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கிருந்து கிளம்புமுன்பே சொல்லி வை. காலை ஆறு மணிக்குக் காற்று மிகவும் மெலிந்திருக்கும். எட்டரைக்கு மேல் ஏறத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் அதற்கு மேல் மணலில் கால் வைக்கவும் முடியாது என்பதால், நம் பாடமெல்லாம் அந்த நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

முதல் பாடம் நீச்சல்தான். உன் மாமாவிடம் விட்டால் நாட்டுப்படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கழுத்தளவு ஆழத்தில் தூக்கிப் போட்டு, 'தானாக வரும் அக்கா' என்பான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கற்றோம் என்பது உண்மை. ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவருக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கவும் தெரிந்திருக்கும் என்று நான் நம்புவதில்லை. முப்பது ஆண்டுக் காலம் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன். பிரப்பன்வலசைப் பக்கம் நீர் விளையாட்டுப் பயிற்சி நடக்கத் தொடங்கிய பிறகு நம் மீனவக் குடும்பத்துப் பையன்கள் சிலர் முறையாகப் பயின்று பயிற்றுநர்களாகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அதிகாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளையின் பிடரிக்கு அடியில் இரண்டு விரலை மட்டும் கொடுத்து, காது நனையும்வரை தலையைத் தளர்த்தச் சொல்கிறார். தலை தளர்ந்ததும் இடுப்பு தானே மேலே வருகிறது. உப்புத் தண்ணீர் என்பதால் குளத்தை விட இங்கே மிதப்பது எளிது. மல்லாந்து மிதக்கவும், மூச்சைத் தண்ணீருக்குள் விடவும், மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்கவும் தெரிந்த பிறகுதான் கை வீசக் கற்றுக்கொடுக்கிறார். அவர் கேட்கும் மாதக் கட்டணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். நான் பேரம் பேசவில்லை, நீயும் வந்து பேசாதே.

யாழினிக்கு ஒரு செய்தி சொல். குற்றாலீஸ்வரன் 1994இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. அவளுக்கு இப்போது பதினொன்று. அவள் கடக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அரியமானில் நெஞ்சளவுத் தண்ணீரில் பயமில்லாமல் கால் மணி நேரம் மிதந்தாளென்றால் எனக்குப் போதும்.

கரையில் கறுப்பும் பழுப்புமாக ஒதுங்கிக் கிடக்கும் புல்லைப் பார்த்து மலர் முகம் சுளிக்க வேண்டாம். அது குப்பையல்ல, கடற்புல். ஆவுளியா என்று நம்மவர்கள் சொல்லும் கடற்பசு மேய்கிற மேய்ச்சல். அந்தப் புல்லுக்கு நடுவே மணலில் திருக்கை புதைந்து கிடக்கலாம் என்பதால், ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலை உரசிக்கொண்டே நடக்கப் பழக்க வேண்டும். அதிர்வு தெரிந்தால் அது விலகிப் போய்விடும். தப்பித் தவறிக் குத்திவிட்டால் காலைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். சொறி என்று நாம் சொல்லும் இழுதுமீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரையிலான கால்சட்டையும் அணிந்திருந்தால் சொறிக்கும் வெயிலுக்கும் சேர்த்தே காவலாகிவிடும்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயம் தெளிந்த பிறகு காரங்காட்டுக்குப் போவோம். தேவிபட்டினத்தைத் தாண்டித் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் கிராமம் அது. கோட்டைக்கரையாறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகுச் சவாரியும் துடுப்புப் படகும் நடத்துகிறார்கள். உயிர்காப்பு உடுப்பு அவர்களே தருகிறார்கள்; செலவு தலைக்குச் சில நூறு ரூபாயைத் தாண்டாது. காட்டு மரங்கள் காற்றைத் தடுப்பதால், முதன்முதலாகத் துடுப்புப் பிடிக்கிறவருக்கு அதைவிடப் பாதுகாப்பான இடத்தை இந்த மாவட்டத்தில் நான் பார்க்கவில்லை. சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே நண்டுகள் ஓடுவதைப் பார்த்தால் கவின் துடுப்பை மறந்துவிடுவான். ஆகவே அவனைப் பெரியவர் ஒருவரோடு இரட்டை இருக்கைப் படகில் உட்கார வைக்க வேண்டும். யாழினி தனியாகவே ஓட்டட்டும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துத் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மே மாதத்தில் மீன் விலை ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்து நீ முணுமுணுக்காமல் சாப்பிட வேண்டும்.

பட்டம் பிடித்துச் சறுக்கும் விளையாட்டைப் பற்றி நீ ஆசையாக எழுதியிருக்கிறாய். கச்சானும் வாடையும் மாறி மாறி ஒரே சீராக அடிக்கிற இடம் என்பதால்தான் நம் கடற்கரைக்கு அதற்காக வெளிநாட்டவர்களும் வருகிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் சாமான்களும் பயிற்சியும் விலை கூடியவை, எட்டு வயதுப் பிள்ளைக்கு உகந்ததும் அல்ல. உனக்கு ஆசையாக இருந்தால் உனக்காக ஒரு நாள் பணம் கட்டிக்கொள். பிள்ளைகளின் பேரைச் சொல்லிக் கட்டாதே.

மாலையில் கடல் வேண்டாம். ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைகாலப் பயிற்சி முகாம் நடத்துவது வழக்கம். இந்த ஆண்டுக்கான அறிவிப்பு வந்ததும் அப்பா போய் விசாரித்து வருவார். அது ஒத்துவராவிட்டால் நம் தெருவுக்குப் பின்னாலுள்ள திடலில் ஆசான் ஒருவர் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறார். வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். ஊர்த் திருவிழாவில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த கம்பு, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதன் பிறகு பெண்பிள்ளைகளும் நிறைய வருகிறார்கள். நடுப்பகல் நேரத்துக்குப் பனையோலை பின்னுகிற அக்கா ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நுங்கும் பதநீரும் அந்தப் பருவத்தில்தான் வரும் என்பதால் வாய்க்கும் வேலை இருக்கும்.

தனுஷ்கோடிக்கு ஒரு நாள் போகாமல் இருக்க முடியாது. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் முட்டுகிற நீரோட்டத்தில் கணுக்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. ராமேசுவரத்திலிருந்து அரசுப் பேருந்து போகிறது. வாடகைக் கார் பிடிக்காதே. இங்கிருந்து ராமேசுவரம் போகிற வழியில் பாம்பனில் இறங்கி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைச் சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால், யாராவது படகுக்காரர் தனியாகத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதே. குருசடைத் தீவுக்கு வனத்துறையின் படகில் போவதுதான் முறை, அதுவும் காற்று அனுமதிக்கிற நாளில் மட்டும். பவளக்கல், சங்கு என்று விற்க வருகிறவர்களிடமும் எதையும் வாங்க வேண்டாம்.

மேல்செல்வனூர், சித்திரங்குடி பறவைகள் சரணாலயங்களைப் பற்றியும் நீ கேட்டிருந்தாய். மே மாதத்தில் அங்கே வெடித்த கண்மாய்த் தரையைத்தான் காட்ட முடியும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வேண்டுமென்றால், மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பிய பிறகு அரையாண்டு விடுமுறைக்கு வாருங்கள். அப்போது தனுஷ்கோடிக் கழியில் பூநாரைகளும் இருக்கும், தென்கடலும் அமைதியாக இருக்கும். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும் என்று அந்த விடுதிக்காரர்கள் நினைக்கலாம். சொந்த ஊர் உள்ளவனுக்கு அந்த அவசரம் எதற்கு?

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் பயணிகள் ரயில் உச்சிப்புளியில் நிற்கும். அப்பா நிலையத்துக்கு வந்துவிடுவார். உயிர்காப்பு உடுப்பு இரண்டு பிள்ளைகளின் எடைக்கும் தக்கபடி அங்கேயே வாங்கி, தொடைகளுக்கு இடையில் வரும் வார் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வா. இங்கே கடைகளில் பெரியவர்கள் அளவுதான் கிடைக்கிறது. பழைய முழுக்கைச் சட்டைகள், தொப்பி, பிடிப்பான செருப்பு இவை போதும். பயணச்சீட்டு உறுதியானதும் தேதியை உடனே தெரிவி. பயிற்றுநர் ஒரு நேரத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை; அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா