குழிக்குள் இறங்க வேண்டியது இயந்திரம்: உள்ளாட்சி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் பேரூராட்சிச் செயல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் மெகட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவன். ரோபோ கைகளை இயக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுப்பது என் வேலை. என்னிடம் படித்தவர்கள் பலர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் ஆலைகளில் வெல்டிங் ரோபோக்களைப் பராமரிக்கிறார்கள். ரோபோ இயங்கும் கூண்டின் கதவை யாராவது திறந்துவிட்டால் அந்தக் கணமே இயந்திரம் நின்றுவிடும். தொழிலாளியின் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதற்காக அத்தனை ஏற்பாடு. இதே மாநிலத்தில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால், கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டால், இன்றும் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சில நேரம் அதுவும் இல்லாமல், உள்ளே இறங்குகிறார். இதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ரோபோ என்றதும் நம் ஊரில் வரவேற்பறையில் கைகூப்பும் பொம்மையையும் உணவகத்தில் தட்டு ஏந்தி வரும் பொம்மையையும்தான் காட்டுகிறார்கள். ரோபோ பிறந்தது அதற்காக அல்ல. 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு வந்த முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட், அச்சு வார்ப்பு இயந்திரத்திலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோகப் பாகங்களை எடுத்து வைத்தது. கை வெந்துபோகும், புகை நுரையீரலை அரிக்கும் வேலை அது. ஜார்ஜ் டெவோல் கண்டுபிடித்ததை ஜோசப் எங்கல்பெர்கர் ஆலைகளுக்குக் கொண்டுசென்றார். மனிதனுக்கு ஆகாத இடத்தில் இயந்திரத்தை நிறுத்துவதுதான் இந்தத் துறையின் தொடக்கம்.

அணு உலை விபத்துகள் இந்தக் கதையை இன்னும் கூர்மையாகச் சொல்கின்றன. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலை பழுதான பிறகு, அதன் கதிர்வீச்சு நிறைந்த அடித்தளத்துக்குள் 1984இல் இறங்கியது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் விட்டேகரின் குழு செய்த ரோபோ. 1986இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபிலில் நிலைமை வேறு. உலையின் கூரையில் சிதறிக் கிடந்த கிராஃபைட் துண்டுகளை அகற்ற ரோபோக்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரம் கதிர்வீச்சில் செயலிழந்தது. பிறகு ஈயத் தகடுகளை உடம்பில் கட்டிக்கொண்ட ராணுவ வீரர்களைக் கூரையில் ஏற்றினார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்கள், சில இடங்களில் அதற்கும் குறைவு. ஒரு மண்வெட்டி அள்ளிப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அவர்களுக்கு வைத்த பெயர் ‘உயிர் ரோபோக்கள்’. ஆணையர் அவர்களே, ஓர் அரசு தன் குடிமகனை அந்தப் பெயரில் அழைக்கத் துணிந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தெருக்களில் திறந்து கிடக்கும் குழிகள்தான் கண்முன் வருகின்றன. செர்னோபிலில் குறைந்தபட்சம் இயந்திரத்தை முயன்று பார்த்துவிட்டு ஆளை அனுப்பினார்கள்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையைப் பாருங்கள். 2011 மார்ச்சில் சுனாமி தாக்கியது. ஏப்ரலில் பேக்பாட் ரோபோக்கள் உலைக் கட்டடத்துக்குள் நுழைந்தன. உருகிய எரிபொருளும் அதோடு கலந்த கழிவும் ஏறத்தாழ 880 டன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதிலிருந்து ஒரு துகளைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் எடுத்து வெளியே கொண்டுவர 2024 நவம்பர் வரை ஆயிற்று. எடுத்தது ஒரு கிராம்கூட இல்லை, 0.7 கிராம்தான். மனித உடம்பு உள்ளே போகக் கூடாது என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால், அதற்காகப் பத்துப் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்கவும் ஒரு நாடு தயாராக இருக்கிறது. நம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியின் ஆழம் எவ்வளவு? பத்தடி, பன்னிரண்டடி.

அந்தப் பத்தடிக்குள் என்ன இருக்கிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று தோன்றும். ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். மூடியைத் திறந்ததும் கரப்பான்பூச்சிகள் உயிரோடு ஓடுகின்றனவா என்று பார்ப்பது அனுபவசாலிகளின் சோதனை. ஓடினால் இறங்கலாம் என்பது கணக்கு. ஆனால் வாயு மேலே மட்டும் இருப்பதில்லை. இறுகிய கசடுக்குள் அடைபட்டிருக்கிறது. கால் வைத்துக் கிளறும்போதுதான் அது வெளிவருகிறது. உள்ளே போனவர் சரிந்ததும் மேலே நிற்கும் தம்பியோ மைத்துனனோ பதறிக் குதிக்கிறார். செய்தித்தாளில் ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’, ‘மூவர் பலி’ என்று வருவது இதனால்தான்.

தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையத்தின் கணக்குப்படி, 1993க்குப் பின் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்கள் மிக அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. இருநூறைத் தாண்டிவிட்டது. பதிவாகாதவை தனி. இறந்தவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தவர்கள், எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்று நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வேறு சாதியில் பிறந்தவர்கள் இப்படிச் செத்துக்கொண்டிருந்தால் இயந்திரம் எப்போதோ தெருவுக்கு வந்திருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சட்டத்தில் குறை என்று சொல்ல வழியில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற முறையில் சாக்கடைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆளை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு சிறை வரை தண்டனை உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்துகொண்டே போகிறது. தண்டனை பெற்ற ஒப்பந்ததாரரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம்மிடம் இயந்திரம் இல்லையா? இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. 2015இல் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளர்களும் அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் பாதாளச் சாக்கடையில் இறந்தார்கள். அந்தச் சம்பவம் கேரளத்துப் பொறியியல் மாணவர்கள் சிலரை உலுக்கியது. அவர்கள் தொடங்கிய ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனத்தின் பாண்டிகூட் ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. மேலே ஒரு சட்டகம் நிற்கும். அதிலிருந்து ரோபோ குழிக்குள் இறங்கும். கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கையை நீட்டி அடைப்பைத் தோண்டி வாளியில் அள்ளும். தொழிலாளி மேலே நின்று திரையில் பார்த்து இயக்குவார். அதே ஆண்டு கும்பகோணம் நகராட்சிக்கு அது வந்தது; தமிழ்நாட்டில் அதுதான் முதல்.

பாண்டிகூட் தெருக் குழிகளுக்கானது. வீட்டுத் தொட்டிக்கு வேறு வழி தேவை. அங்கே கசடு கல்லாக இறுகிவிட்டால் லாரியின் உறிஞ்சு குழாய் திணறும். அந்த நேரத்தில்தான் ‘கொஞ்சம் இறங்கிக் கிளறிவிடு’ என்று ஒருவரை அனுப்புவார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு செய்த ஹோமோசெப் இதற்காகவே உருவானது. தொட்டியின் சிறிய வாய் வழியே மடித்து இறக்கிய கத்திகள் உள்ளே போனதும் குடைபோல விரிந்து சுழலும். கசடு கூழாகிவிடும், பிறகு உறிஞ்சி எடுத்துவிடலாம். முழு அமைப்பும் டிராக்டரில் ஏறி வரும். தூய்மைப் பணியாளர் உரிமைக்காகப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் இயக்கத்தோடு சேர்ந்து அதை அந்தப் பணியாளர்களின் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். கணவனைத் தொட்டியில் பறிகொடுத்த பெண்களும் அந்தக் குழுக்களுக்குத் தலைமை ஏற்றார்கள் என்பதைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியதற்கு ஓர் அர்த்தம் இருப்பதாக உணர்ந்தேன்.

ஆனால் ஓர் ஊரின் நகராட்சி வளாகத்தில் நான் கண்டது வேறு. மாணவர்களுக்குக் காட்டலாம் என்று அனுமதி கேட்டுப் போயிருந்தேன். கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது சாக்கடை சுத்தம் செய்யும் இயந்திரம். டயர்களில் காற்று இல்லை. கேபிளை எலி கடித்து உள்ளிருந்த செம்புக் கம்பி தெரிந்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. இயக்கப் பயிற்சி பெற்றவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அதன் அருகிலேயே நீளமான மூங்கில் பிளாச்சுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன; அவற்றின் நுனியில் சேறு ஈரமாக இருந்தது. இயந்திரத்தை வாங்கிய கோப்பு எங்கோ முடிந்துவிட்டது. வேலை மட்டும் பழையபடி நடக்கிறது.

ஆகவே, எத்தனை இயந்திரம் வாங்கினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வாங்கிய இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறேன். ஒப்பந்ததாரருக்கு ரோபோ ஒரு தொல்லை. ஏற்றி இறக்க நேரம், டீசல், ஆபரேட்டர் சம்பளம். அதைவிட ஆளை இறக்குவது மலிவு. இறங்குகிறவருக்கு அப்படியல்ல, அவருக்கு அது உயிர். இயந்திரத்தின் சாவி அவரிடம் இருந்தால் அது கொட்டகையில் தூங்காது. ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2017இலேயே நீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் சிறு ஜெட்டிங் வாகனங்களைப் பட்டியல் சாதித் தொழில்முனைவோரிடம் தந்து, வேலையையும் உறுதி செய்தது. சென்னையிலும் 2024 டிசம்பரில் இருநூறுக்கும் மேற்பட்ட கழிவுநீர் வாகனங்கள் தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கும் திட்டத்தில் வந்திருக்கின்றன. நல்ல தொடக்கம். சென்னையோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு பேரூராட்சிக்கும் இது வர வேண்டும்.

உங்கள் கையெழுத்தில் முடியக்கூடிய சிலவற்றையும் கேட்கிறேன். அந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளின்படி மிகச் சில சூழல்களில் மட்டும், தலைமை அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, பாதுகாப்புக் கவசத்தோடு ஆள் இறங்கலாம். அந்த அனுமதி ஒவ்வொன்றையும் தேதி, இடம், காரணத்தோடு உங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். அனுமதி இல்லாமல் இறக்கியிருந்தால் அது குற்றம் என்பது அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும். புதிய வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று தருமுன், கழிவுநீர்த் தொட்டியின் வாய் எங்கே இருக்கிறது என்று உங்கள் பொறியாளர் நேரில் பார்க்கட்டும். டைல்ஸ் போட்டு மூடி, மேலே காரை நிறுத்தும் வீடுகள் எத்தனையோ. இயந்திரம் அண்ட முடியாத வாயைக் கட்டுகிறவர், நாளை ஓர் ஆளை இறக்கத்தான் கட்டுகிறார். கழிவுநீர் லாரிகளுக்கு 14420 என்ற எண் இருப்பது பல வீட்டு உரிமையாளர்களுக்குத் தெரியவே தெரியாது. சொத்து வரி ரசீதில் அதை அச்சிடுங்கள். இறக்கினால் வழக்கு உரிமையாளர் மேலும் பாயும் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இனிவரும் ஆண்டுகளில் குழாய்க்குள் ஊர்ந்து அடைப்பு எங்கே என்று படம்பிடித்துச் சொல்லும் சிறு ரோபோக்கள் பெருகும். ஐஐடி ஆய்வகத்திலிருந்து கிளம்பிய சொலினாஸ் நிறுவனத்தின் எண்டோபாட் அந்த வகைதான். பத்துக் குழிகளைத் திறந்து தேட வேண்டிய இடத்தில் ஒன்றைத் திறந்தால் போதும். இவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும். பயிற்சி பெறும் முதல் வரிசையில் இன்று கயிற்றைப் பிடித்து நிற்கிறவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் ஏஜென்சி ஆபரேட்டரைக் கொண்டுவந்து, இவர்களை வேலையை விட்டே அனுப்பிவிட்டால், அதற்குப் பெயர் மீட்பு அல்ல.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வளாகத்தில் பழுதாகி நிற்கும் இயந்திரம் எதுவானாலும் எங்கள் கல்லூரிக்குத் தகவல் அனுப்புங்கள். இறுதியாண்டு மாணவர்களோடு வந்து, கூலி வாங்காமல் சரிசெய்து தருகிறோம். உதிரிப் பாகத்துக்கான செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வரும் பொங்கலுக்குள் எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன என்ற பட்டியலை உங்கள் மன்றக் கூட்டத்தில் வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளர்