மாப்ளே, வைஸ் வாங்கும் முன் இதைப் படி

காவேரிப்பட்டணம்
ஞாயிறு ராத்திரி

அன்பு மாப்ளே,

படம் பார்த்தேன். மிஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, பக்கத்தில் நீ கல்யாணப் பையன் மாதிரி நிற்கிறாய். முப்பது வருஷம் ஓசூரில் கம்பெனி மிஷினைத் துடைத்தவன் வீட்டுக்கு இரும்பு செதுக்கும் சொந்த மில்லிங் மிஷின் வந்தால் அப்படித்தான் நிற்கத் தோன்றும், கிண்டல் பண்ணவில்லை. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாமரம் இந்த வருஷம் நன்றாகத்தான் பூத்தது, நடுவில் அடித்த மழையில் பாதி கொட்டிவிட்டது, மிச்சமிருக்கிறதைக் கூழ் ஃபேக்டரிக்காரர்கள் சொல்கிற விலைக்குத்தான் கொடுக்கவேண்டியிருக்கும். அது எப்போதும் உள்ள கதை.

சரி, அந்த மிஷினில் வேலைத்துண்டைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் விஷயத்துக்கு வருகிறேன். மிஷினுக்கே கை காலியாகிவிட்டது, ஓட்டை போடும் மிஷினுக்கான டிரில்லிங் வைஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, இப்போதைக்கு அது போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்காதே. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு சொல்லவில்லை, அடிபட்டுச் சொல்கிறேன்.

நான் மிஷின் வாங்கிய புதிதில் அதே தப்பைத்தான் செய்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த நாலு அங்குல டிரில்லிங் வைஸ், தூக்கிப் பார்த்தால் கனமாகத்தான் இருந்தது, கடித்துப் பிடிக்கும் ஜாவும் பளபள என்று இருந்தது. பக்கத்துத் தெரு ராகி மில்லுக்கு கப்ளிங், அதாவது ரெண்டு தண்டை இணைக்கும் உலோகக் கட்டை ஒன்று செய்ய வேண்டியிருந்தது. நாலு பக்கமும் மில்லிங் ஓட்டிவிட்டு மூலைமட்டம் வைத்தால் ஒரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, வெளிச்சம் தெரிகிறது. மிஷின்தான் சாய்ந்திருக்கிறது என்று நினைத்து கட்டர் சுழலும் ஹெட்டைக் கழற்றி, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் போட்டு, மறுபடி மாட்டி இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள் கொஞ்சம் ஆழமாகக் கட் கொடுத்தேன் பார், கட்டை வைஸிலிருந்து கிளம்பி பன்னிரண்டு எம்.எம். எண்ட்மில் கட்டரையும் உடைத்துக்கொண்டு சுவரில் போய் மோதியது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. ஸ்குரூ ஜாவின் கீழ்ப்பகுதியில் முன்னால் தள்ளுகிறது, கட்டை மேல்பகுதியில் எதிர்த்து நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட நகரும் ஜா என்ன செய்யும், முன்பக்கத்தை மேலே தூக்கும். டிரில்லிங் வைஸில் அதைக் கீழே பிடித்து வைக்க அடியில் ஒரு தகடு மட்டும்தான், அதற்கும் ஜா நகரும் பெட்டுக்கும் நடுவில் இடைவெளி தாராளமாக விட்டிருப்பார்கள். இறுக்க இறுக்க ஜா எழும்பும், கூடவே கட்டையும் அடியில் தாங்கும் பேரலல் பட்டையை விட்டு எழும்பும். டிரில் மேலிருந்து கீழே அழுத்துவதால் அங்கே இது தெரியாது. மில்லிங் கட்டர் பக்கவாட்டில் தள்ளும், எண்ட்மில்லின் சுருள் பல் வேலையை மேலே வேறு இழுக்கும், அங்கேதான் கழுத்தறுக்கும்.

நல்ல மில்லிங் வைஸில் இதற்கென்றே ஒரு வேலை செய்திருப்பார்கள். நட்டின் முகம் சாய்வாக இருக்கும், அது ஜாவுக்குள் இருக்கும் அரைக்கோளத் துண்டில் போய் அழுத்தும், அதனால் இறுக்கும்போது ஜா முன்னால் போவதோடு கீழேயும் இழுபடும். அமெரிக்காவில் கர்ட் கம்பெனி ஆங்லாக் என்று கொண்டுவந்தது இதைத்தான், இப்போது தைவான், சீனா, நம்ம ஊர் எல்லா இடத்திலும் அதைப் பார்த்துச் செய்கிறார்கள். கடையில் ‘கர்ட் டைப்’ என்று கேள், எடுத்துக் காட்டுவார்கள். அசல் கர்ட் நமக்குக் கட்டுப்படியாகாது, அவசியமும் இல்லை.

அளவில் பேராசைப்படாதே. கம்பெனியில் ஆறு அங்குலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாலு அங்குலம் பொம்மை மாதிரித்தான் தெரியும். ஆனால் உன் டேபிள் அகலம் ஆறரை அங்குலம் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆறு அங்குல வைஸ் அதில் முன்னாலும் பின்னாலும் தொங்கும், டேபிளை உள்ளே தள்ளினால் பின்னால் தூணில் இடிக்கும், எடையும் முப்பது கிலோவுக்கு மேல் போகும், அதை நீ தனியாகத் தூக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். நாலு அங்குலம் உனக்குச் சரியான ஜோடி. சுழலும் அடித்தட்டு வேண்டவே வேண்டாம். காசும் தண்டம், ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் நடுவில் உள்ள உயரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் தின்னும், பிடிமானமும் குறையும். என்னுடையதைக் கழற்றி வைத்து நாலு வருஷமாகிறது, இப்போது அதன்மேல் கிரீஸ் டப்பா இருக்கிறது.

கர்ட் டைப்புக்கும் காசு பற்றவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, டூல்மேக்கர் வைஸ். நீளமான ஸ்குரூ இருக்காது, அடியில் பள்ளம் பள்ளமாக இருக்கும், சாய்வாக ஓர் ஆலன் போல்ட் ஜாவை முன்னாலும் கீழேயும் சேர்த்து இழுக்கும். எல்லா முகமும் கிரைண்ட் பண்ணியிருப்பதால் சின்ன வேலைக்கு அருமை, உயரமும் குறைவு. ஒரே தொல்லை, அளவு மாறும்போதெல்லாம் குறுக்குப் பின்னை அடுத்த பள்ளத்துக்கு மாற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு ஒத்துவராது, உனக்கு எப்படியோ.

பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போனால் சும்மா போகாதே. லீவர் டயல், மேக்னட் ஸ்டாண்டு, ஒரு ஜோடி பேரலல், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ரெண்டு, இதெல்லாம் பையில் இருக்கட்டும். தாளை நாலு துண்டாக நறுக்கி, பேரலல் மேல் நாலு மூலையிலும் வைத்து, அதன்மேல் நல்ல கட்டை ஒன்றை வைத்து இறுக்கு. ஒவ்வொரு துண்டாக இழுத்துப் பார். நகரும் ஜா பக்கத்து ரெண்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த ஜா தூக்குகிறது. அப்புறம் டயல் முள்ளை நகரும் ஜாவின் தலையில் வைத்து இறுக்கச் சொல், ஒன்றிரண்டு கோடு ஆடினால் போகட்டும், பத்துக் கோடு ஆடினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போ. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். நகராத நிலை ஜா பெட்டுக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்து வெளிச்சம் பார், ஏனென்றால் எல்லா அளவும் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

பழைய வைஸ் கிடைத்தால் வெறுக்காதே. மூடிய பட்டறையிலிருந்து வருகிறவற்றில் நல்ல இரும்பு இருக்கும். ஸ்குரூவில் ஆட்டம் இருந்தால் கவலையில்லை, கைப்பிடி இன்னும் கால் சுற்று கூடச் சுற்றும், அவ்வளவுதான். வெல்டிங் போட்ட அடையாளமோ, பெட்டின் நடுவில் மட்டும் தேய்மானமோ, டிரில் இறங்கிய ஓட்டையோ இருந்தால் தொடாதே. ஜா தகடு கோணலாக இருந்தாலும் வாங்கலாம், அதை நாமே சரிபண்ணிக்கொள்ளலாம். அலுமினியப் பட்டையில் ஓட்டை போட்டு ஜா தகட்டுக்குப் பதிலாக மாட்டி, அடியில் ஒரு துண்டைக் கடித்து இறுக்கிவைத்து, உன் மிஷினிலேயே முகத்தை லேசாக ஒரு கட் ஓட்டிவிட்டால் அது உன் மிஷினுக்கே நேரான ஜா. நான் பாதி வேலையை அப்படித்தான் செய்கிறேன்.

அந்தப் பச்சை வைஸை என்ன செய்தேன் என்று கேட்பாயே. தூக்கிப்போட மனசு வரவில்லை. பர்கூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்திலிருந்து ஒரு கருங்கல் துண்டு வாங்கி வந்தேன். கண்ணாடி மாதிரி மின்னுகிறதே என்று நம்பிவிடாதே, பாலிஷ் வேறு, மட்டம் வேறு. டயல் வைத்துப் பார்த்து நல்லதாக இருந்த மூலையில் எமரித் தாள் ஒட்டி, நகரும் ஜாவில் அடித்தகடு மாட்டும் முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்து இடைவெளியைக் குறைத்தேன். பன்னிரண்டு கோடு தூக்கியது நாலுக்கு வந்தது. ரெண்டு சாயங்காலம் போனது, தோள் ஒரு வாரம் வலித்தது. இப்போது அது டிரில்லிங் மிஷினில் இருக்கிறது, அதற்குப் பிறந்த இடத்திலேயே.

எது வாங்கினாலும் நகரும் ஜாவுக்கும் கட்டைக்கும் நடுவில் ஓர் அலுமினிய ராடு வைத்துப் பழகு. அப்போதுதான் கட்டை நிலை ஜாவில் முழுசாக ஒட்டும். இறுக்கிய பிறகு செம்புச் சுத்தியால் மெதுவாக ஒரு தட்டு. இதெல்லாம் உனக்குத் தெரியாததா, ஐ.டி.ஐ.யில் வாத்தியாரிடம் முட்டிக்கு முட்டி வாங்கிய பாடம்தானே.

ராயக்கோட்டையில் தக்காளி என்ன விலை போகிறது? இங்கே கேட்டால் தலை சுற்றுகிறது. அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலையில்லை, பெங்களூருக்குச் சேர்ந்தே போகலாம் என்றால் போன் பண்ணு. காலை ரயிலுக்கு வந்துவிடுகிறேன், டயல் என்னுடையதையே எடுத்து வருகிறேன், உன்னுடையது முள் சிக்கும் என்று போன வருஷம் சொன்னாயே.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி